அந்த வீட்டுத் தாளம்

திமிங்கலம் முதலில் ஒரு பெருமூச்சாகத்தான் வந்தது.

படகுக்கு இடப்பக்கம், கை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருந்த தூரத்தில், கடல் மெல்லப் புடைத்தது. கருத்த முதுகு ஒன்று எழுந்தது. எழுந்துகொண்டே இருந்தது.

முன்னால் உட்கார்ந்திருந்த மனைவி துடுப்பை மடியில் வைத்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். ஓர் அதட்டலில் மைதானத்தையே நிறுத்திவிடுவாள். இப்போது அவளே படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் இருந்த கணவர் தையற்காரர். கரையிலிருந்து கிளம்பியது முதல் அவரைச் சீண்டிக்கொண்டேதான் வந்தாள்.

"அது துடுப்புங்க, அகப்பை இல்ல. கிண்டாதீங்க, தள்ளுங்க."

"ஊசியில நூல் கோக்கவே கண்ணாடி தேடுறவன்டி நான். சாகசம் வேணும்னு கேட்டது நீ. நீயே தள்ளு."

யாரைப் பார்த்தாலும் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடும் மனிதர் அவர். அந்த உடம்பின் முன்னால் அளக்க மறந்துபோனார்.

ஒரு கண் நீருக்கு மேலே வந்து இருவரையும் பார்த்தது. சாந்தமான கண்.

அவருடைய கைகள் தாமாகக் குவிந்தன. இவ்வளவு பெரிய ஜீவனைப் படைத்தவன், இந்தத் தக்கைப் படகைக் கவிழ்க்காமல் ஒதுங்கிப் போகும் பக்குவத்தையும் அதற்குக் கொடுத்திருக்கிறானே.

அது அலைகூட எழுப்பாமல் அமிழ்ந்தது.

இருவரும் திரும்பிப் பார்த்தபோது கரை இல்லை.

மலை இல்லை. தண்ணீர் விளிம்பு வரைக்கும் இறங்கி நின்ற காடு இல்லை. காட்டுக்கும் கடலுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருந்த அந்தச் சின்ன ஊரும் இல்லை. வெள்ளைப் பனிமூட்டம் எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்தது.

"பனி இறங்குறதப் பாத்தா உடனே திரும்பிடுங்க" என்று அவர்கள் தங்கியிருந்த விடுதிக்காரர் சொல்லித்தான் அனுப்பினார். அவர்கள் பனியைப் பார்க்கவே இல்லை.

ஒரு பக்கம் கரை. மறுபக்கம் எல்லையில்லாத கடல். எந்தப் பக்கம் எது என்று தெரியவில்லை. படகு தானாக நகர்ந்துகொண்டிருந்தது.

"ஏங்க, எதாவது பேசுங்க."

அவர் வேண்டிக்கொண்டிருந்தார்.

அப்போது கேட்டது. டண், டண். ஒரு மூச்சு இடைவெளி. டண்.

சாலையே எட்டாத ஊர் அது. பனி இறங்கினால், கடலில் ஆள் இருக்கிற வீட்டில் மட்டும் தகர வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டுவார்கள். வீட்டுக்கு வீடு தாளம் வேறு. அவரவர் வீட்டுத் தாளம் வரும் திசையில் அவரவர் திரும்ப வேண்டும். வந்து இறங்கிய அன்றே விடுதிக்காரரும் அவர் மனைவியும் சாப்பாட்டு மேசையில் விரலால் தட்டித் தட்டி இவர்களுக்குப் பழக்கிவிட்டிருந்தார்கள்.

"நம்ம வீடுங்க!" என்று கத்தினாள் மனைவி.

தையற்காரர் இப்போது கிண்டவில்லை. தள்ளினார்.

படகுத்துறையில் விடுதிக்கார அம்மாள் மட்டும் நின்றுகொண்டிருந்தார். கம்பத்தில் கவிழ்த்த வாளி, கையில் விறகுக்கட்டை. இவர்கள் தட்டுத்தடுமாறி ஏறியதும் தட்டுவதை நிறுத்தாமலே முகவாயால் விடுதியைக் காட்டினார்.

"வாங்க, வாங்க. கம்பளிய எடுத்துப் போத்திக்குங்க. அடுப்புல கெட்டில்ல வெந்நி இருக்கு. மொதல்ல குடிங்க."

அவர்கள் கம்பளி போர்த்தி, கெட்டிலோடும் குவளைகளோடும் அவர் பக்கத்திலேயே வந்து நின்றார்கள். தையற்காரருக்குக் கண் கலங்கியிருந்தது.

"அக்கா, நீங்க தட்டலேன்னா இன்னிக்கு நாங்க இல்ல. போதும்க்கா, கை செவந்துபோச்சு. நாங்கதான் வந்துட்டோமே."

"இருக்கட்டும் தம்பி. நீங்க குடிங்க."

அம்மாள் சிரித்தார். கை நிற்கவில்லை.

மனைவி ஒரு வாய் குடித்தாள். துறையை ஒருமுறை பார்த்தாள். விடுதியின் இன்னொரு படகைக் காணவில்லை.

"அக்கா, அண்ணன் எங்க?"

அம்மாள் பனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களத் தேடித்தான் போயிருக்காரு. சொன்னா அந்த வெந்நி உங்களுக்குத் தொண்டையில எறங்காதுன்னு பாத்தேன்."

மனைவி கெட்டிலைக் கவிழ்த்து வெந்நீரைக் கடலில் கொட்டினாள். காலிக் கெட்டிலில் குவளையால் தட்டத் தொடங்கினாள். தையற்காரர் துடுப்பை எடுத்துத் துறையின் பலகையில் குத்தினார். முதலில் முன்னும் பின்னுமாகப் போயிற்று, பிறகு சேர்ந்துகொண்டது. டண், டண். ஒரு மூச்சு. டண்.

ஊரில் மற்ற வீட்டு ஆட்கள் எல்லோரும் எப்போதோ கரையேறிவிட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் ஒரு கதவு திறக்கும் சத்தம். ஒரு வாளி கவிழும் சத்தம். பிறகு இந்த வீட்டுத் தாளம் அந்த வீட்டிலிருந்து வந்தது.

அதற்கு அடுத்த வீடு. அதற்கும் அப்பால் ஒன்று. கண்ணுக்குத் தெரியாத கரை முழுவதும், தன் வீட்டுத் தாளத்தை விட்டுவிட்டு, இந்த ஒரு வீட்டுத் தாளத்தைத் தட்டியது. பலகை அதிர்ந்தது. தையற்காரரின் உள்ளங்கால் வழியாக அது ஏறி நெஞ்சை நிறைத்தது. அவருக்கு உடல் சிலிர்த்தது.

வெகுநேரம் தட்டினார்கள்.

பனிக்குள்ளே எங்கோ, மரத்தில் மரம் மோதும் ஒலி. மிக மெல்லியது. இரண்டு. ஒரு மூச்சு. ஒன்று.

அதுவரை பிசகாமல் தட்டிக்கொண்டிருந்த அம்மாளுக்கு அப்போதுதான் தாளம் தப்பியது.

ஊர் தொடர்ந்து தட்டியது.