பெண்பால் விகுதி

புத்தக வெளியீட்டு மேடையின் நடு நாற்காலியில் பேராசிரியர் லூர்துராஜ், அவருக்கு வலப்பக்கம் பாரீசிலிருந்து வந்த பதிப்பாளர் அம்மா, கடைசி வரிசையில் காபி டிரம்மை ஒட்டி ஃபிலோமினா. ஆஸ்திரேலியக் கொலை நாவல் ஒன்றை முந்நூறு பக்கமும் பிரெஞ்சில் பெயர்த்தவள் அவள்தான். அட்டையில் இருந்ததோ பேராசிரியர் பெயர்.

“எம் பேரு எங்க சார்?”

“டைப் அடிச்சதுக்கெல்லாம் பேர் போடுவாங்களாம்மா? கேக் சாப்ட்டியா?”

கதையைச் சொல்லும் கொலையாளி ஆணா பெண்ணா என்பது கடைசிப் பக்கம் வரை தெரியக் கூடாது. நாவலின் உயிரே அதில்தான் இருந்தது. ஆனால் பிரெஞ்சில் ‘களைத்துப்போனேன்’ என்றாலே, சொல்வது பெண்ணானால் சொல்லின் கடைசியில் ஓர் எழுத்து கூடி, குட்டு வெளிப்பட்டுவிடும். அதை மறைக்கத்தான் எட்டு மாதம் ஒவ்வொரு வரியையும் வளைத்திருந்தாள்.

மறுவாரம் இரண்டாம் பதிப்புக்குத் திருத்தம் கேட்டு பாரீசிலிருந்து கடிதம் வந்தது. பேராசிரியர் பெயரில் ஃபிலோமினாவே பதில் எழுதினாள்: “முதல் பக்கம், நான்காம் வரி. பெண்பால் விகுதி விட்டுப்போயிருக்கிறது, சேர்க்கவும்.”

“எத்தன திருத்தம்மா?”

“ஒண்ணே ஒண்ணுதான் சார். ஒரு எழுத்து.”

“நல்லா பாத்தியா?”

“நல்லாப் பாத்துட்டேன் சார்.”

அவர் படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அவள் உறையின் விளிம்பை நாக்கால் நனைத்து, கட்டைவிரலால் ஓரம் முழுக்க அழுத்தி ஒட்டி, பதிவுத் தபாலில் சேர்த்துவிட்டு வந்தாள்.