கழுகுக் கண்

மார்ச் 14, காலை 9.40. படகு நிறுவனத்தின் முதல் மாடியில் இருந்த கண் பரிசோதனை அறைக்குள் முதலாளி வந்தார். கூடவே ஐந்து பேர்.

பன்னிரண்டு மணிக்குப் புதுப் படகின் முதல் ஓட்டம். இருநூற்றுப் பன்னிரண்டு பயணிகள். இத்தனை காலம் மாலுமி உரிமத்தைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டுச் சுவரில் மட்டும் மாட்டிவைத்திருந்தவர், இன்று சுக்கானைத் தானே பிடிப்பதாக அறிவித்திருந்தார்.

அதற்குத் தகுதிச் சான்றிதழ் வேண்டும். அதில் கண் பரிசோதகரின் கையெழுத்து வேண்டும்.

பரிசோதகரான அவள் கவனித்துக்கொண்டேயிருந்தாள். நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்த பிறகே அவர் உட்கார்ந்தார். செயலாளரின் விரல்கள் அவருடைய முழங்கையை விட்டு விலகவில்லை.

இந்தச் செயலாளர்தான் நேற்று மாலை சும்மா இடம் பார்க்க என்று வந்து, எழுத்துத் திரையை மட்டும் செல்போனில் இரண்டு தடவை படமெடுத்துப் போனவர். இன்று அவளைப் பார்த்து அளவுக்கு மேல் சிரித்தார்.

"ஆரம்பிங்க மேடம். ஐயாவுக்கு இதெல்லாம் ஜுஜுபி."

முதலாளி ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தார். வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல் ஓடியது.

மூன்றாவது வரியில் அவள் ரிமோட்டை அழுத்தினாள். திரை கறுத்துப்போனது.

அவர் நான்காவது வரியைப் படித்தார். ஐந்தாவதையும் படித்தார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஐந்து பேரும் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முகத்திலும் ஒன்றுமில்லை.

கடைசி வரி முடிந்ததும் கைத்தட்டினார்கள்.

"கழுகுக் கண்ணு!" என்றார் மேலாளர். "கழுகே ஐயாகிட்ட வந்து டியூஷன் படிக்கணும்."

செயலாளர் சான்றிதழை நீட்டினார். பேனா மூடியையும் அவரே கழற்றிக் கொடுத்தார். குரல் தாழ்ந்தது.

"உங்கள பெர்மனென்ட் ஆக்குற ஃபைல் ஐயா மேசையிலதான் இருக்கு."

இவர்கள் அவரை ஏமாற்றுகிறார்களா, எல்லோரும் சேர்ந்து தன்னை ஆழம் பார்க்கிறார்களா?

பேனாவை மூடி வைத்தாள்.

"ஐயா, ஸ்கிரீனை அணைச்சு ரெண்டு நிமிஷம் ஆச்சு."

மேலாளரின் சிரிப்பு பாதியில் நின்றது.

"கரண்ட் போயிருச்சுங்கய்யா, இப்பத்தான்" என்றார் செயலாளர்.

முதலாளி தலையை லேசாகச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஃபேன் சுத்துதேப்பா."



பன்னிரண்டு மணிக்கு வேறொரு மாலுமி படகை எடுத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் அக்கரையில் இறங்கினார்கள்.

மறுவாரம் செயலாளர் தலைமையில் விசாரணை நடந்தது. முதலாளிக்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் கொடுக்கப்பட்ட சான்றிதழ்களை எடுத்துப் பார்த்தார்கள். நான்கிலும் 'பார்வையில் குறையில்லை' என்று எழுதியிருந்தது. நான்கிலும் அவளுடைய கையெழுத்து இருந்தது; அவர் சுக்கானைத் தொடாத அந்த ஆண்டுகளில் அவளே போட்டது.

அவளை வேலையிலிருந்து நீக்கினார்கள்.