யாரு வேகம்னு ரெண்டு வயருக்குச் சண்டை

ஒரு கல்யாண வீடியோக் கடையில ஹார்டு டிஸ்க் அக்கா ஒண்ணு இருந்துச்சு. கொஞ்சம் வயசான உடம்பு. அது வயித்துல இருக்குற வீடியோவை கம்ப்யூட்டர்ல ஏத்துறதுக்கு ரெண்டு வயரு. ஒருத்தன் நீலவாய் யூஎஸ்பி. இன்னொருத்தன் புதுசா வந்த தண்டர்போல்ட். விலையும் ஜாஸ்தி, கொழுப்பும் ஜாஸ்தி.

"மேஜைக்கு ஒரு வயர் போதும். எது லேட்டோ அது பழைய சாமான் பைக்குள்ள"ன்னு கடைக்காரர் சொல்லிட்டாரு.

முதல்ல நீலவாயன் ஏத்துனான். கடைக்காரர் பரோட்டா தின்னு முடிக்கிற நேரம் ஆச்சு.

தண்டர்போல்ட் விழுந்து விழுந்து சிரிச்சான். "நானா இருந்தா அவரு பரோட்டாவைப் பிக்கறதுக்குள்ள முடிச்சிருப்பேன்டா!"

மறுநாள் அதே வீடியோவுக்கு அவனை மாட்டுனாங்க. கடைக்காரர் பரோட்டாவைப் பிச்சாரு, சால்னா ஊத்துனாரு, தின்னு கையும் கழுவிட்டாரு.

"அக்கா, சீக்கிரம் குடுக்கா! மானம் போகுது!"

"டேய், நீ எட்டுவழி ரோடு போட்டுட்டு நிக்கிறே, சரி. அதுல நடந்து வர்றது நான்தானேடா? என் வயித்துக்குள்ள தட்டு சுத்துற வேகம் அவ்வளவுதான்."

கடைக்காரர் பார்த்தாரு. ரெண்டு பேருக்கும் ஒரே நேரம். "அப்ப வயர் மேல குத்தமில்ல"ன்னு அக்காவைத் தூக்கிப் பையில போட்டுட்டாரு.

"நான்தான் ஜெயிச்சேன்!" "போடா, நான்தான்!"னு ரெண்டு வயரும் கட்டிப் புரண்டுச்சுங்க. சாயங்காலம் புது டிஸ்க் வந்து இறங்குச்சு, தனக்குன்னு ஒரு வயரையும் கையோட கூட்டிக்கிட்டு.

ரெண்டு பேரும் பைக்குள்ள பொத்துனு விழுந்தாங்க. அக்கா கண்ணைத் தொறந்து கேட்டுச்சு:

"வாங்கடா. உங்கள்ல யாரு முதல்ல வந்தது?"