வீட்டாருக்கே முதலில்

இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவியின் மென்பொருளைச் சோதிப்பவர், புதிய பதிப்பை முதலில் அந்தக் கருவி வைத்திருக்கும் தன் வீட்டாருக்கே ஏற்ற வேண்டும் என்று நிறுவனம் நடைமுறையை மாற்றியிருந்தது. அங்கே சோதிப்பவளான செண்பகவல்லியின் கணவர் அமுதனின் நெஞ்சில் அதே கருவிதான் இருந்தது. அவர் சட்டையைக் கழற்றிவிட்டு ஆய்வறை நாற்காலியில் சாய்ந்திருந்தார். புதிய பதிப்பை ஏற்றும் பொத்தானைத் தொடாமல் அவள் விரல் நின்றது.

"அழுத்துங்க மேடம். தேறிடுச்சுன்னு நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க?" என்றார் மேலாளர் தாவூத்.

"மூச்சு வாங்க மாடியேறுனா என்ன ஆகுதுன்னு இன்னொரு தடவை பாத்துடறேன்."

"முன்னாடி அனுப்பினதையெல்லாம் இப்படிப் பாத்தியா வல்லி?" என்று அமுதன் கேட்டார்.

அவள் கணினியில் அந்தச் சோதனையை மறுபடி ஓட்டினாள். திரையில் துடிப்பு ஒருமுறை தவறியது. அமுதனுக்குள் ஓடிக்கொண்டிருந்த பழைய பதிப்பையும் ஓட்டிப் பார்த்தாள். அதிலும் தவறியது.

"சார்," என்றாள் மெதுவாக, "இந்தக் கருவிய வச்சிருக்கிற எல்லாரையும் கூப்பிடணும்."