தண்ணீர் ஓடும் பக்கம்

"ஊர்ல இருக்கற குழாயையெல்லாம் சரி பண்ணிட்டு, வீட்டுக்கு வந்தும் என்னை ஸ்பானர் பிடிக்கச் சொல்றியா?" என்றான் பிளம்பர்.

அவன் மனைவி பாழடைந்த அந்தச் சமையலறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விலைக்கு வந்திருந்த பக்கத்து வீட்டையும் இப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். இரண்டும் ஒரே அச்சில் கட்டியவை. அதில் எல்லாம் புதுசு. சாவியை வாங்கினால் அன்றைக்கே காலை நீட்டிப் படுக்கலாம். எதிலும் நொட்டை சொல்லும் அவனுக்கே அங்கே ஒரு குறையும் அகப்படவில்லை.

இந்தத் தெருவில்தான் வாங்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் அவள். ஆனால் அந்த வீட்டுக்குள் போனதும் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு உம்மென்று வெளியே வந்துவிட்டாள்.

எந்த வீடு என்று இன்றைக்கே சொல்லியாக வேண்டும். தரகர் வாசலில் காத்திருந்தார்.

"இதைப் பாரு, லட்சணத்தை!" என்று அவன் குழாயைத் திருகினான். குழாய் கையோடு வந்துவிட்டது. தண்ணீர் பீய்ச்சி அடித்தது.

தரையில் தண்ணீர் போகும் துளை பின்சுவர் ஓரம் இருந்தது. தண்ணீரோ ஹாலைப் பார்த்து ஓடியது.

அவன் கத்துவதற்குள் அவள் மூலையில் கிடந்த சாக்கைச் சுருட்டிச் சமையலறை வாசற்படியில் போட்டு, காலால் அழுத்தினாள். தண்ணீர் சாக்கில் முட்டி நின்றது.

அவன் வால்வைத் தேடி அடைத்தான். "தரை வாட்டத்தைத் தலைகீழா வச்சிருக்கான் புண்ணியவான். தண்ணி இந்தப் பக்கம் வரும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டு வீட்டுக்கும் ஒரே கொத்தனார்."

"அந்த வீட்டுல வாட்டம் சரியாத்தானே இருந்துது?"

அவள் ஜன்னல் வழியே பக்கத்து வீட்டுச் சமையலறையைப் பார்த்தாள்.

"இப்ப சரி பண்ணிட்டாங்க. அம்மா இருந்த வரைக்கும் அங்கயும் வாசப்படியில சாக்குதான்."

அவள் பிறந்து வளர்ந்து, கல்யாணத்துக்கு முன்பே கைவிட்டுப் போன வீடு. போனதைப் பேசி என்ன ஆகப்போகிறது என்று, அவனிடம் அவள் சொன்னதே இல்லை.

அவன் அந்த ஜன்னலைப் பார்த்தான். ஈரச் சாக்கின் மேல் நின்ற அவள் பாதங்களைப் பார்த்தான். உடைந்த குழாயை மேடையில் வைத்தான்.

"மத்ததையெல்லாம் சரி பண்ணிடறேன். தரையில மட்டும் கை வைக்க மாட்டேன்."