சுவருக்கு இந்தப் பக்கம்

பந்துவீச்சாளர் இன்னும் ஓடி வந்துகொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டில் அண்ணன் "சிக்ஸர்!" என்று கத்தியது எப்படி என்று தவசியப்பனுக்கு விளங்கவில்லை. பாகப்பிரிவினைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. ஆனாலும் கிரிக்கெட் நடக்கும்போது நடுச்சுவரின் இரு பக்கமும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அவர்களுக்குள் மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

பழைய கேபிளில் படம் வந்த வேகத்தில் திரையில் விழும். அண்மையில் டிஜிட்டலுக்கு மாறிய பிறகு, சுருக்கி அனுப்பிய படத்தை செட் டாப் பாக்ஸ் வாங்கி, விரித்துத்தான் காட்டும். இவருடைய பெட்டி அண்ணனுடையதைவிடச் சில விநாடிகள் மெதுவானது.

தன் திரையில் சிக்ஸர் வந்ததும் தவசியப்பன் கத்தினார். சுவருக்கு அப்பால் அண்ணன் குரல் உயர்ந்தது: "பாத்தியாடி, நான் கத்துனா பழிப்புக் காட்டுறான்!"

"கொஞ்சம் சும்மா இருங்களேன்," என்றாள் தவசியப்பனின் மனைவி பூங்கோதை. "இருக்கிற சண்டை பத்தாதா?"

பெட்டியில்தான் கோளாறோ என்று அதை அணைத்துப் போட்டுப் பார்த்தார். படம் அப்போதும் பிந்தியே வந்தது. அலுத்துப்போய் டிவியை நிறுத்திவிட்டு, நாற்காலியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அண்ணன் அடுத்த முறை கத்தியதும், எதற்கென்று தெரியாமலே அவரும் கூடக் கத்தினார்.