இரண்டாம் பக்கம்

கத்தி கேக்கில் இறங்க மறுத்தது.

"பார்த்தீங்களா, உங்க அண்ணி செஞ்ச வேலையை?" என்றாள் மனைவி.

"கேக் செஞ்சது நீ."

"செய்முறை குடுத்தது யாரு? முதல் தடவை செய்யறவளுக்கு என்ன தெரியும்னு, ஏதோ ஒரு சாமானை வேணும்னே விட்டுட்டு அனுப்பியிருக்காங்க. அவங்க கேக் பஞ்சு மாதிரி இருக்கணும், என்னுது செங்கல் மாதிரி இருக்கணும். என்ன மனசுங்க இது!"

வாயைத் திறந்தால் அந்தச் செங்கல் தன் தலையில்தான் என்று அவனுக்குத் தெரியும்.

"ராத்திரி சாப்பிட வர்றாங்கல்ல? மூஞ்சிக்கு நேரா கேட்கப் போறேன்."

அண்ணனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். அவனைப் படிக்க வைத்ததே அண்ணன்தான். இவள் கேட்டுவிட்டால் அப்புறம் அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது.

மெல்ல லேப்டாப்பைத் திறந்தான்.

போன வாரம் அண்ணி அனுப்பியது வேர்டு ஃபைல். மனைவியின் போனில் அது கட்டம் கட்டமாகத் தெரிந்தது. பிடிஎஃப் ஆக்கினான், அதிலும் எழுத்து உடைந்தது. கடைசியில் படமாக மாற்றி அனுப்பிவிட்டு, "இதெல்லாம் ஒரு வேலையா?" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டான்.

இப்போதுதான் ஃபைலைக் கீழே வரை பார்த்தான். மாற்றும்போது அது இரண்டு படமாகப் பிரிந்திருக்கிறது. அவன் அனுப்பியது முதல் பக்கத்தை மட்டும்.

இரண்டாம் பக்கத்தில் கொஞ்சம்தான் இருந்தது.

'பி.கு: மேலே எழுத மறந்துட்டேன்மா. மைதாவோட ரெண்டு ஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்த்துச் சலிச்சுக்கோ. இல்லேன்னா கேக் எழும்பாது. சந்தேகம்னா எப்ப வேணா கூப்பிடு.'

திரையை மனைவி பக்கம் திருப்பினான். "அண்ணி மறைக்கல. நான்தான்..."

அவள் படித்தாள். இன்னொரு தடவையும் படித்தாள்.

"ச்சே, நல்ல மனுஷியைப் போய் என்னென்னவோ பேசிட்டேன். படிச்ச படிப்புக்கு ஒரு ஃபைலை ஒழுங்கா மாத்தத் தெரியலையே உங்களுக்கு!"

திட்டு இடம் மாறியதில் அவனுக்கு நிம்மதி.

அடுத்த கேக் தொட்டால் அமுங்கியது. ராத்திரி வந்த அண்ணி ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "என்னுதைவிட நல்லா வந்திருக்கே!" என்றாள்.

மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாம் நீங்க சொல்லிக்குடுத்ததுதான்க்கா. ஒண்ணையும் ஒளிக்காம சொல்லித்தர இந்தக் காலத்துல யாருக்கு மனசு வருது?"

மீதியிருந்ததில் ரெண்டு துண்டு எதிர்வீட்டு டீச்சருக்குப் போனது. மறுநாள் தட்டைத் திருப்பிக் கொடுக்க அவர் வந்தார்.

"வாயில வச்சதும் கரையுதும்மா. செய்முறையை எனக்கும் அனுப்பேன். ஃபைலெல்லாம் என் போன்ல திறக்காது, படமா இருந்தா நல்லது."

"அதுக்கென்ன டீச்சர், தாராளமா!"

கதவைச் சாத்தினாள்.

இந்த முறை அவன் ரொம்பக் கவனமாக இருந்தான். படங்களை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு, "ரெண்டு பக்கமும் சரியா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடு, அனுப்பிடறேன்" என்றான்.

அவள் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"முதல் பக்கம் போதுங்க."